சக்கர நாற்காலியும் அயல்நாட்டு மிருகக்காட்சிசாலைகளும்

திருவனந்தபுரத்து ஆரியசாலை தமிழருக்குப் புதிய இடம் அன்று. சாலைக் கடைத்தெருவை ஒட்டிய அப்பகுதியில், நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்து வணிகம் செய்வோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். நவராத்திரிதோறும் வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளித் தங்குவதும் அங்குள்ள தேவி கோயிலில்தான். அத்தகைய குடும்பங்களில் இன்று மகன் சிங்கப்பூரிலும் மகள் லண்டனிலும் இருப்பது வியப்பன்று. பெற்றோர் அங்குச் சென்றால், பேரக் குழந்தைகளை முன்னிட்டு எல்லோரும் புறப்படும் இடங்களுள் மிருகக்காட்சிசாலை ஒன்று. பக்கவாதத்தாலோ முதுகுத்தண்டில் பட்ட காயத்தாலோ வீட்டுப் பெரியவர் சக்கர நாற்காலியில் இருப்பவராயின், “அப்பா வீட்டிலேயே இருக்கட்டும், நாம் போய் வருவோம்” என்ற பேச்சு அப்பொழுது எழுகின்றது. அங்ஙனம் அவரை விட்டுச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றை முன்கூட்டியே விசாரித்து அறிதல் வேண்டும்.

“சக்கர நாற்காலியை உள்ளே விடுவார்களா?” என்பதே பலரும் கேட்கும் முதற் கேள்வி. அதனால் பயன் மிகுதியாக இல்லை. பெரிய காட்சிசாலைகளில் “வாருங்கள்” என்றே விடை கிடைக்கும். கேட்க வேண்டியது நிலத்தைப் பற்றி. மேடும் பள்ளமும் உள்ள நிலம் விலங்குகளுக்கு மறைவிடம் தரும். காண்போருக்கும் அழகாக இருக்கும். ஆதலின் இத்தகைய சாலைகள் பல, சமநிலத்தில் அமைந்தவை அல்ல. நம் திருவனந்தபுரத்துச் சாலையையே காண்க. 1857-ல் அருங்காட்சியகமும் 1859-ல் அதனுடன் மிருகக்காட்சிசாலையும் தோன்றின. பரப்பு ஏறத்தாழ 55 ஏக்கர். மேட்டின் மீது சிசோம் வகுத்த நேப்பியர் அருங்காட்சியகம் 1880-ல் எழுந்தது. காட்சிசாலையின் நிலமோ ஏறியும் இறங்கியும் சென்று ஓர் ஏரியை அடைகின்றது. சக்கர நாற்காலியில் இறங்கும்போது இன்பமாகத்தான் இருக்கும். திரும்பி ஏறும்போதே உண்மை தெரியும்.

சாய்தளத்துக்கு இந்திய வழிகாட்டு நெறிகளும் பிற நாடுகள் பலவற்றின் நெறிகளும் ஏற்கும் அளவு ஒன்று உண்டு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பதே அது. அரை மீட்டர் ஏறுவதற்கு ஆறு மீட்டர் நீளப் பாதை வேண்டும். அதனினும் செங்குத்தாக இருந்தால், தம் கையாலேயே சக்கரத்தை உருட்டுபவரின் நாற்காலி பின்புறம் சாயக்கூடும். பின்னின்று தள்ளுபவருக்கோ மூச்சு வாங்கும். செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, தள்ளுபவர் தாம் பின்னோக்கி நடந்து மெல்ல இறக்குவதே பாதுகாப்பு. இந்தப் பழக்கத்தை விமானம் ஏறிய பின் கற்றுக்கொள்ள இயலாது. ஆரியசாலையிலிருந்து நம் மிருகக்காட்சிசாலை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவே. பயணத்துக்கு முன் ஒரு நாள் காலை அங்குச் சென்று வந்தால், தள்ளுபவரின் வலிமையும் அமர்ந்திருப்பவரின் பொறுமையும் எவ்வளவு என்பது வெளிப்பட்டுவிடும்.

நிலத்துக்கு அடுத்தது கண்ணின் உயரம். இதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நாற்காலியில் அமர்ந்த பெரியவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பழைய காலத்துக் கூண்டுகளில் இரும்புக் கம்பிகள் இருந்தன. அவை விலங்குக்குக் கொடுமையாயினும், அமர்ந்திருப்பவர் கம்பிகளின் இடையே பார்க்க முடிந்தது. 1907-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகே கார்ல் ஹாகென்பெக் கம்பிகளை நீக்கி, அகழிகளால் விலங்குகளைப் பிரித்து வைத்த சாலையைத் திறந்தார். உலகெங்கும் அம்முறை பரவியது. சிங்கத்துக்கும் நமக்கும் இடையே வெறும் காற்றே இருப்பது போன்ற தோற்றம் கிடைத்தது. ஆனால் அகழியில் மக்கள் விழாமலிருக்க அதன் கரையில் கைப்பிடிச் சுவரோ புதரோ வேண்டுமல்லவா? நிற்பவரின் மார்பளவு உயர்ந்த சுவர், அமர்ந்திருப்பவருக்குக் கண்ணை மறைக்கும் திரை. அகழியைவிட, தரையிலிருந்தே எழும் தடித்த கண்ணாடிச் சாளரமே நாற்காலியில் இருப்பவருக்கும் சிறு குழந்தைக்கும் ஒருசேர நன்மை செய்வது. ஆகவே “கண்ணாடி வழியாகக் காணும் இடங்கள் எவை?” என்று கேட்டறிந்து, அவற்றுக்கே முதலிடம் தருக.

இவ்விடத்தில் லண்டன் மிருகக்காட்சிசாலையின் பெங்குவின் குளம் நினைவுக்கு வருகின்றது. 1934-ல் லுபெட்கின் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த அக்குளத்தில், ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரண்டு காங்கிரீட் சாய்தளங்கள் உலகப் புகழ் பெற்றவை. பறவைகளுக்கு ஏறி இறங்க இத்துணை எழிலான பாதை! கடினமான அத்தளம் அவற்றின் கால்களுக்கு ஒவ்வாமற்போகவே, 2004-ல் பெங்குவின்கள் வேறிடம் மாற்றப்பட்டன. அச்சாலையே 1828-ல் தொடங்கியது. அதன் ஊடே செல்லும் பொதுச் சாலையின் அடியில் சுரங்க வழியாக ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் போதல் வேண்டும். பழைமையான சாலைகளில் இவ்வாறு இறங்கி ஏறும் இடங்கள் இருக்கத்தான் செய்யும்.

1973-ல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலை இவ்வகையில் பின்னோர் கற்ற பாடத்தைக் காட்டுகின்றது. அகழிகளும் கண்ணாடிகளும் கலந்து அமைந்த சாலை அது. உள்ளே டிராம் வண்டி சுற்றி வருகின்றது; சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். எனினும் வாடகை நாற்காலி, பெரும்பாலும் பிறர் தள்ளுவதற்கென்றே ஆனது. கையால் உருட்டிப் பழகியவர் தம் சொந்த நாற்காலியையே கொண்டு செல்லுதல் நன்று. அமெரிக்காவின் சான் டியேகோ சாலையோ பள்ளத்தாக்குகளின் மேலும் கீழும் அமைந்தது. அங்கு வழிகாட்டியுடன் கூடிய பேருந்தில் முதலில் சுற்றிவிட்டு, பிறகு இறங்கிப் பார்க்கும் இடங்களைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. கொழும்பை அடுத்த தெகிவளையில், ஹாகென்பெக்கின் தம்பி ஜான் தொடங்கி 1936-ல் அரசு ஏற்ற சாலையும் சரிவான நிலத்ததே. 1985-ல் திறந்த நம் வண்டலூர் 602 ஹெக்டேர் விரிந்தது. அங்கு இடர் ஏற்றம் அன்று, தொலைவு. பேட்டரி வண்டி இல்லாமல் அதை முற்றும் காண எண்ணுதல் வீண்.

இனி, வெளியில் சொல்லக் கூசும் ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும். சக்கர நாற்காலியில் செல்வோர் பலர், வழியில் தமக்கேற்ற கழிப்பறை இராதே என்று அஞ்சிக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகின்றனர். வெயிலில் நான்கைந்து மணி நேரம் இவ்வாறு இருத்தல் தீங்கானது. சிறுநீர்ப் பாதையில் நோய்த்தொற்று உண்டாக இதுவும் ஒரு காரணம். முதுகுத்தண்டில் காயம்பட்டவருக்கு இடுப்பின் கீழ் உணர்ச்சி குன்றியிருக்குமாதலால், தோல் அழுந்திப் புண்ணாவதும் தெரியாது. வெயிலில் காய்ந்த உலோகம் சுடுவதும் தெரியாது. அவர் பதினைந்து முதல் முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை உடலைச் சற்றே தூக்கியோ சாய்ந்தோ இடம் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். தம் மெத்தையை மறவாமல் எடுத்துச் செல்லுதலும் வேண்டும். புலியைக் காணும் ஆவலில் குடும்பத்தார் இதனை மறப்பது எளிது; ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல் நலம். கழிப்பறைகள் எங்கெங்கு உள்ளன, அவற்றுள் நாற்காலி நுழையக்கூடியவை எத்தனை என்பதை வரைபடத்தில் முதலிலேயே குறித்துக்கொண்டால், தண்ணீரை அஞ்சாமல் குடிக்கலாம்.

விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே உதவி தேவை என்று அறிவித்தல் வேண்டும். மின்கலத்தால் இயங்கும் நாற்காலியாயின், மின்கலத்தின் வகையையும் திறனையும் கேட்பார்கள். எழுதி வைத்திருத்தல் நன்று.

வெளிநாட்டில் இவ்வசதிகளைக் கண்டு வருவோர், “அங்கெல்லாம் அப்படி” என்று பெருமூச்சு விடுவதுண்டு. அங்கும் அது சட்டத்தால் வந்ததே. அமெரிக்காவில் அதற்கான சட்டம் 1990-ல்தான் பிறந்தது. நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்றல் போதாது, கட்டாயமாதல் வேண்டும் என 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. ஒத்திகைக்குச் சென்ற நாளில், ஏற முடியாத இடத்தையும் நுழைய முடியாத கழிப்பறையையும் குறித்து வந்து நம்மூர் அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினால், அதற்கு இச்சட்டமே துணை நிற்கும். புறப்படும் நாள் திங்கட்கிழமையாக வேண்டா; அன்று திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்கு விடுமுறை.