குரோமோகிரனின் ஏ: கேஸ்ட்ரைட்டிஸ் குளிசை கூட்டிவிடும் எண்

பயத்தில் அதிரீனலின் சுரக்கும் என்பது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த ஓமோனோடு சேர்ந்தே குருதிக்குள் வரும் புரதம்தான் குரோமோகிரனின் ஏ. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியின் கலங்களில், ஓமோனைச் சிறு பொதிகளாகக் கட்டி வைக்க இது உதவுகிறது. வேலை அத்தோடு முடிவதில்லை. இப்புரதத்திலிருந்து வெட்டப்படும் துண்டுகளுக்கும் தனித் தொழில் உண்டு. கெட்டஸ்டட்டின் என்ற துண்டு, அதிரீனலின் மேலும் வெளியேறுவதைத் தடுத்துப் பிரஷரை இறக்குகிறது.

குடலிலும் சதையியிலும் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் பல இதை அளவுக்கு மீறிச் சுரப்பதால், வைத்தியர்கள் குருதியில் அதை அளக்கிறார்கள். சிக்கல் இங்கேதான். நம்மவர்கள் கேஸ்ட்ரைட்டிஸுக்கென்று மாதக்கணக்கில் விழுங்கும் ஒமிப்ரசோலும் இந்த அளவை உயர்த்திவிடும். அமிலம் குறைந்ததும் இரைப்பை கேஸ்ட்ரின் ஓமோனைக் கூட்டுகிறது. அது இரைப்பைச் சுவரில் இப்புரதத்தைச் சுரக்கும் கலங்களைத் தூண்டுகிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடமும் அளவு கூடியே இருக்கும்.

ஆகவே அறிக்கையில் எண் கூடியதும் புற்றுநோய்தான் என்று குடும்பமே கலங்கத் தேவையில்லை. பொதுவாக ஒமிப்ரசோலை 2 வாரங்களாவது நிறுத்திய பின்னரே இப்பரிசோதனையைச் செய்வார்கள். என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.