பிராங்கிளின் கண்ட பயிற்சி

ஆங்கிலம் பயிலும் மாணவர் பலர் இலக்கண விதிகளை உருவேற்றுவர். சொற்களுக்குப் பொருள் எழுதி ஏட்டை நிரப்புவர். ஆயினும், பத்து வரியில் ஒரு பத்தி எழுதப் பணித்தால் அவர்தம் எழுதுகோல் நகராது. தம் தாய்மொழியாகிய ஆங்கிலத்திலேயே எழுத்துக்குறையை உணர்ந்து, அதனைப் போக்கத் தாமே வழிவகுத்துக்கொண்டவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின்.

1706-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்த அவர் பள்ளியில் பயின்றது ஈராண்டுக்கும் குறைவே. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். ஒருகால் நண்பர் ஒருவரோடு கடித வாயிலாக வாதிட்டார். அக்கடிதங்களைக் கண்ணுற்ற தந்தையார், எழுத்துப்பிழை இன்மையிலும் நிறுத்தக்குறியிலும் மகனே சிறந்தவன் என்றும், நடையழகிலும் கருத்தொழுங்கிலும் தெளிவிலும் நண்பரே மேம்பட்டவர் என்றும் எடுத்துக்காட்டினார். பிராங்கிளின் சினந்தாரில்லை, அக்கூற்றின் உண்மையை உணர்ந்து திருந்த முனைந்தார்.

அடிசனும் ஸ்டீலும் லண்டனில் 1711-ஆம் ஆண்டு தொடங்கி நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' இதழின் தொகுதியொன்றை அவர் வாங்கினார். அதிலுள்ள கட்டுரையொன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, நூலைப் பாராமல், அக்குறிப்புகளைக் கொண்டு தம் சொற்களால் கட்டுரையை எழுதுவார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவார். சொல்வளம் போதாமை அப்போதுதான் புலனாயிற்று. அதனைப் பெருக்கக் கதைகள் சிலவற்றைச் செய்யுளாக்கினார். ஓசைக்கும் அடியளவுக்கும் இயைந்த சொல்லைத் தேடுங்கால், ஒருபொருள் குறித்த பல சொற்கள் மனத்தில் பதியும் அன்றோ? நம் முன்னோர் நிகண்டு கற்றதும் இத்தகைய பயன் கருதியே. அக்கதைகள் மறந்தபின் அவற்றை மீண்டும் உரைநடையாக்கினார். சிலபோது குறிப்புகளைக் கலைத்துவிட்டு, சில வாரம் சென்றபின் முறைப்பட அடுக்கினார். எக்கருத்தை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்பது இதனால் கைவந்தது.

தமிழ் மாணவர்க்கு இம்முறை வேறொரு நன்மையும் தரும். தமிழில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து வினையும், அதன்பின் செயப்படுபொருளும் வரும். 'தி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான சொல் தமிழில் இல்லை. ஆதலின், நம் மாணவர் அதனை வேண்டுமிடத்து விடுவர், வேண்டாவிடத்து இடுவர். விதியை நூறு முறை ஓதியும் நீங்காத இப்பிழை, தாம் எழுதியதை மூலத்தின் அருகில் வைத்த அளவில் கண்முன் நிற்கும். ஆறேழு வாக்கியமுள்ள பத்தியொன்றே தொடக்கத்திற்குப் போதும். குறிப்பைத் தமிழில் எழுதிக்கொள்ளினும் இழுக்கில்லை.

பிராங்கிளினுக்கு ஓய்வு மிகுதியாக வாய்க்கவில்லை. இரவில் வேலை முடிந்த பின்னரும், காலையில் வேலை தொடங்குமுன்னரும், ஞாயிற்றுக்கிழமைகளிலுமே பயின்றார். சிற்சில இடங்களில் தம் நடை மூலத்தினும் நன்றாயிற்றோ என எண்ணி மகிழ்ந்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.