ஆறு அறை, ஒரு குழல்

பழைய ரிவால்வர் ஒன்றைப் பழுது பார்ப்பதா, ஓய்வு கொடுப்பதா? துப்பாக்கி மெக்கானிக் முதலில் அது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து சிலிண்டரைப் பிடித்து முன்னும் பின்னும் அசைப்பார். பாலிஷ் போயிருப்பதும் பிடி கீறியிருப்பதும் அவருக்குப் பொருட்டே அல்ல.

ரிவால்வரில் தோட்டா வெடிக்கும் அறை ஒரு துண்டு, குழல் வேறு துண்டு. விசையை இழுத்ததும் உள்ளே ஒரு சிறு தள்ளி, ஆறு அறை கொண்ட சிலிண்டரை 60 டிகிரி திருப்புகிறது. கீழிருந்து ஒரு கொக்கி எழும்பிப் பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. அறையும் குழலும் அப்போது நேர்கோட்டில் நின்றாக வேண்டும். இரண்டும் ஒட்டவும் கூடாது, ஒட்டினால் சிலிண்டர் சுழலாது. அதனால் 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இடுக்கு விடுகிறார்கள்.

.357 மேக்னம் தோட்டா சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அழுத்தம் எழுப்பக்கூடியது. கார் டயரில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல்! அதில் கொஞ்சம் இந்த இடுக்கு வழியே தீயாகப் பீறிட்டு, மேல்சட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும். பார்த்தால் பகீர் என்றிருக்கும். ஆனால் பொதுவாக அந்த அரிப்பு சற்று ஆழம் போனதும் தானே நின்றுவிடும்.

சிலிண்டரின் ஆட்டம் அப்படி நிற்காது. ஒவ்வொரு வெடிப்பிலும் இடித்து இடித்து ஆட்டம் கூடிக்கொண்டே போகும். வைத்தியம் எளிது: 0.05 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் எஃகு வாஷர். தள்ளி தேய்ந்து, சிலிண்டர் பூட்டும் இடம்வரை திரும்பவில்லையா? சற்றுத் தடித்த புதுத் தள்ளியை அரத்தால் ராவிப் பொருத்தினால் போதும்.

கை விரிக்க வைப்பது வேறொன்று. குண்டு குழலுக்குள் நுழையும் குறுகல் வாய்க்கு 'வழிக்கூம்பு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் 1955-இல் கொண்டுவந்த, பின்னாளில் மாடல் 19 ஆன கைத்துப்பாக்கியில், சிலிண்டரைத் தாங்கும் கைக்கு இடம்விட வழிக்கூம்பின் அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருந்தது. 8 கிராம் எடையுள்ள, வேகம் மிகுந்த மேக்னம் குண்டுகளைத் தொடர்ந்து சுட்டபோது, விரிசல் விழுந்தது சரியாக அந்த மெல்லிய இடத்தில்தான். ஒட்டுப்போட வழியில்லை, குழலையே மாற்ற வேண்டும். பழைய குழல் கிடைக்காவிட்டால் அது அலமாரிக்குத்தான். 1980-களின் தொடக்கத்தில் வந்த 586, 686 மாடல்களின் சட்டகத்தைப் பெரிதாக்கி, கூம்பை முழு வட்டமாகவே விட்டார்கள்.

விரிசல் இல்லை, தேய்மானம் மட்டும்தான் என்றால் எனக்குப் பிடித்த நடுவழி ஒன்று உண்டு. 1935-இல் .357 மேக்னத்தை உருவாக்கியவர்கள் .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீட்டினார்கள், அவ்வளவுதான். ஆகவே பழைய .38 இன்றும் அதே அறையில் கச்சிதமாக உட்காரும். அழுத்தமோ 17,000 பவுண்டு, பாதிக்கும் குறைவு. இனி அதை மட்டும் போட்டுச் சுடலாம்.