டூர் போகும்போது கையோடு அடுப்பா? பர்னருக்கு முன்னால் கேஸைப் பாருங்கள்!

குடும்பத்தோடு வேன் பிடித்து ஊட்டி, ஏற்காடு என்று கிளம்பினால், கட்டிக்கொண்டு போகும் புளியோதரை ஒரு வேளைக்குத்தான் தாங்கும். அடுத்த வேளைக்கு ஹோட்டல் தேடி அலைவதைவிட, வண்டியை ஓரங்கட்டிச் சூடாக நாலு தோசை ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். அதற்காக ஆன்லைனில் தேடினால் போர்ட்டபிள் ஸ்டவ், கேஸ் பார்பெக்யூ என்று விதவிதமாக வந்து விழுகின்றன. பலரும் விலையையும் பர்னரையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அடுப்பு எந்த கேஸில் எரிகிறது என்பதுதான் முதல் கேள்வி.

சின்ன கேன், சின்ன சமையல்

சூட்கேஸ் மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில் வருவது பியூட்டேன் ஸ்டவ். சுமார் 220 கிராம் கேஸ் உள்ள, ஸ்ப்ரே டப்பா போன்ற கேனைப் பக்கவாட்டு அறையில் பொருத்த வேண்டும். முழுத் தீயில் எரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரும். மூன்று, நான்கு பேருக்கு டீ, ஆம்லெட், நூடுல்ஸ் என்றால் போதும். பத்துப் பேருக்கு பிரியாணி என்றால் கேன் வாங்கியே கட்டுப்படியாகாது.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே போனால் பியூட்டேன் ஆவியாகாது. ஊட்டியில் ஜனவரி மாத விடியற்காலையில் உறைபனி விழும்போது, கேனில் கேஸ் இருந்தும் தீ சோர்ந்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும் என்பதால், அது கலந்த கேன் குளிருக்கு நல்லது. தீ குறைகிறதே என்று கேனைச் சூடுபடுத்த மட்டும் இறங்க வேண்டாம்.

உண்மையான ஆபத்து தோசைக்கல்லில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் அகலமான கல்லை இந்த ஸ்டவ்வில் வைத்தால், அது கேன் இருக்கும் அறைக்கு மேலேயும் நீண்டு நிற்கும். கல்லின் சூடு கீழே இறங்கி, கேன் வெடித்துவிடலாம். காற்றுக்காக அடுப்பைச் சுற்றித் தகரத்தால் மூடினாலும் இதே கதைதான். கல் சின்னதாக இருக்கட்டும். தடுப்பு ஒரு பக்கம் போதும்.

ஆள் அதிகமா? 5 கிலோ

பெரிய குடும்பத்துக்கு எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை பர்னர் அடுப்பும்தான் சரி. இந்தியன் ஆயிலின் 'சோட்டு' சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். ஏஜென்சியில் மட்டுமல்ல, சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கிறது. ரெகுலேட்டரையும் ஐ.எஸ்.ஐ. டியூபையும் அங்கேயே வாங்கிப் பொருத்திப் பார்த்துவிடுவது நல்லது.

சிலிண்டரின் மேல்பகுதியில் 'சி-27' போல எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'சி-27' சிலிண்டரை 2027 செப்டம்பருக்குள் மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியதை வாங்காதீர்கள். தலையிலேயே பர்னர் வைத்து, வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றித் தரும் பெயரில்லாத குட்டி சிலிண்டர்கள் பக்கமே போக வேண்டாம். அப்படி ஏற்றுவது சட்டப்படி குற்றம், வால்வையும் நம்ப முடியாது.

கேஸ் பார்பெக்யூ ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கால்பந்துப் போட்டிக்கு முன் மைதானத்தின் பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்துவைத்து இறைச்சி சுடுவார்கள். அதற்கென்றே செய்த கிரில்கள் ஒரு பவுண்டு புரோப்பேன் உருளையில் ஓடுபவை. நம் சிலிண்டருக்கு அவை நேரடியாகப் பொருந்தாது.

எங்கே பற்றவைக்கக் கூடாது?

மழை வந்தாலும் வேனுக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ சமைக்கக் கூடாது. மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, வண்டியின் தரையிலேயே தேங்கும். அதனால் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டே எடுத்துச் செல்ல வேண்டும். காப்புக் காடுகளில் தீ மூட்டுவதும் குற்றம்.

ரயிலில் கொண்டுபோகவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து, உத்தரப்பிரதேசத்திலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே காரணம் என்றது ரயில்வே. இதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டு வாசலில் ஒரு முறை பற்றவைத்துப் பாருங்கள். அணைத்த பிறகு, ரெகுலேட்டரைத் திறந்தே வைத்து, டியூபின் இரு முனைகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை குமிழியிட்டால் டியூபை மாற்றிய பிறகுதான் பயணம்.