கோழி வளர்ப்புப் பட்டத்துக்காகக் காணியை விற்க வேண்டுமா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: "சேர், கோழிப்பண்ணைப் படிப்புக்குப் பட்டம் எங்க இருக்கு? எவ்வளவு முடியும்?" அண்மையில் கேட்ட ஒரு வாப்பா, மகனை வெளிநாடு அனுப்பக் காணியை விற்கவும் ஆயத்தமாக இருந்தார்.

நமது அரச பல்கலைக்கழகங்களில் கோழியின் பெயரில் தனிப்பட்டம் இல்லை. அதனால் படிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அது விலங்கு விஞ்ஞானத்துக்குள் இருக்கிறது. பேராதனை விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானமும் மீன்பிடியும் சேர்ந்த பட்டம் உண்டு. மாக்கந்துரவிலுள்ள வயம்ப பல்கலைக்கழக பீடத்தில் கால்நடைகளுக்கும் பறவைகளுக்கும் என்றே ஒரு துறை உண்டு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ, கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், கிழக்கில் வந்தாறுமூலை ஆகியவற்றிலும் இத்துறையைப் படிக்கலாம். வந்தாறுமூலை கிடைத்தால் ஏறாவூர், ஓட்டமாவடிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரலாம்.

இவற்றில் கற்பித்தல் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவுதான். வருமானம் குறைந்த குடும்பமென்றால் மஹாபொல அல்லது பர்சரி கிடைக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இசட் புள்ளியைப் பார்த்து மனம் தளர்பவர்களும் உண்டு. பெரும்பாலான கற்கைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் எல்லாம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. மருத்துவம் கிடைக்காத உயிரியல் மாணவர் விண்ணப்பத்தில் விலங்கு விஞ்ஞானத்தை எழுதாமலே விடுவதுதான் பெரிய இழப்பு. பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுத்தவருக்கும் சில கற்கைகளில் இடமுண்டு. மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஏஜென்சிக்காரர் வாசித்துச் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே வாசியுங்கள்.

"கோழி வளர்க்கப் பட்டம் எதற்கு?" என்று சிரிப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். புரொய்லர் கோழி ஆறு வாரத்துக்குள் விற்பனைக்கு வருகிறது. அதன் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 வீதம் தீனிக்கே போகிறது. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீனி போயிற்று என்பதில் சிறு வித்தியாசம் வந்தாலும் லாபம் நட்டமாகிவிடும். தீனிக் கலவை, தடுப்பூசி அட்டவணை, கூட்டின் காற்றோட்டம், நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தல், இவையெல்லாம் பாடங்கள். கோழிக்கடையும் பண்ணையும் நம்மவரிடம் நிறையவே இருக்கின்றன. தீனிக் கம்பனி ஆய்வுகூடத்திலும் குஞ்சு பொரிப்பகத்திலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

புள்ளி போதாதவருக்கு கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் குண்டசாலையில் நடத்தும் டிப்ளோமா இருக்கிறது. நான் ஆசிரியர் கலாசாலையில் படித்து வந்தவன். டிப்ளோமாவைக் குறைவாக எண்ணமாட்டேன்.

தனிக் கோழிப் பட்டமே வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் ஓசூர் கோழியினக் கல்லூரியில் பி.டெக் இருக்கிறது. அங்கோ வேறெங்கோ, பணம் கட்டுமுன் அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.