மின்சாரம் பிரிக்கும் உயிரணுக்கள்

அரிசியில் கல் இருந்தால் பொறுக்கலாம். உமி இருந்தால் முறத்தில் புடைக்கலாம். ஆனால், ரத்தத்தில் கலந்து கிடக்கும் உயிரணுக்களை எப்படிப் பிரிப்பது?

ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. வெள்ளை அணுக்கள் 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் வரைதான். அவற்றிலும் பல வகை. நோயை எதிர்க்கும் "டி" அணுவும் "பி" அணுவும் மைக்ராஸ்கோப்பில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். வேலையோ வேறு, வேறு!

இவற்றைப் பிரிக்க மின்சாரம் கை கொடுத்தது.

காரைக்குடியில்...

மின்சாரமும் ரசாயனமும் சேர்ந்து செய்யும் விந்தைகளை ஆராய, காரைக்குடியில் பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ந் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ந் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

அதே 1948-ம் ஆண்டில்தான் சுவீடன் விஞ்ஞானி டிசேலியசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. திரவத்தில் மின்சாரம் பாய்ச்சி, ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துக் காட்டியவர் அவர். இந்த முறைக்கு "எலெக்ட்ரோபோரிசிஸ்" என்று பெயர்.

அணுவுக்குப் போர்வை

உயிரணுவின் மேற்புறத்தில் எதிர் மின்சாரம் இருக்கிறது. எனவே அது நேர் மின் முனையை நோக்கி நகரும். மின்சாரம் அதிகம் உள்ள அணு வேகமாக ஓடும். குறைந்த அணு பின்தங்கும்.

இரண்டு வகை அணுக்கள் ஒரே வேகத்தில் ஓடினால்? அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு வகை அணுவின் மேலும் தனி அடையாளம் இருக்கிறது. பூட்டுக்குச் சாவி போல, அந்த அடையாளத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் உண்டு. அதைக் கலந்தால், வேண்டிய அணுவில் போய் ஒட்டிப் போர்வை போல மூடிக் கொள்ளும். அணுவின் வேகம் குறையும். கூட்டத்திலிருந்து தனியே பிரிந்து விடும்!

விண்வெளியிலும் சோதனை

பூமியில் ஒரு தொல்லை. மின்சாரம் பாய்ந்தால் திரவம் சூடாகிக் கலங்கும். அணுக்களும் அடியில் தங்கும். எடையற்ற விண்வெளியில் அந்தத் தொல்லை இல்லை. 1983 ஆகஸ்டு 30-ந் தேதி, இந்தியாவின் "இன்சாட்-1பி"யைச் சுமந்து சென்ற "சாலஞ்சர்" விண்கலத்தில், உயிருள்ள அணுக்களை மின்சாரத்தால் பிரிக்கும் சோதனையும் நடந்தது.

இன்று இந்த வேலைக்கு லேசர் ஒளியும் காந்தமும் அதிகம் பயன்படுகின்றன. ஆனால், அணுவை அடையாளம் காட்டுவது அதே எதிர்ப்பொருள்தான். எய்ட்ஸ் நோயாளியின் ரத்தத்தில் "சி.டி.4" அணுக்கள் எத்தனை மிச்சம் என்று எண்ணுவதும் இதன் துணையால்தான். ரத்தப் புற்று நோய் எந்த வகை என்று கண்டுபிடிக்கவும் இது உதவுகிறது. வகை தெரிந்தால்தானே சரியான மருந்தைக் கொடுக்க முடியும்!