ஏழாம் வகுப்பில் எழுத்துப் பாடம்

கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்காக நகரப் பள்ளிகளில் தனி வகுப்புகள். உள்ளே போக வழி இருக்கிறது. வெளியே வர?

ஒரு தட்டு நிறைய மணல். சுவரில் எழுத்து அட்டைகள். மேஜை மேல் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள். பாலர் வகுப்பு என்று நினைத்து எட்டிப் பார்ப்பவருக்கு ஆச்சரியம் காத்திருக்கும். உள்ளே இருப்பவர்கள் மீசை அரும்பும் பையன்கள், அம்மாவின் உயரத்தை எட்டிவிட்ட பெண்கள். ஆங்கில 'பி'யையும் 'டி'யையும் மணலில் விரலால் எழுதி, கூடவே ஒலியையும் சொல்லிப் பார்க்கிறார்கள். பெருநகரங்களில் சில தனியார் பள்ளிகள் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காக நடத்தும் தனி வகுப்பின் வழக்கமான காட்சி இது.

இவர்கள் மந்த புத்திக்காரர்கள் அல்ல. கண்ணிலோ காதிலோ கோளாறு இல்லை. தாவரம் எப்படி உணவு தயாரிக்கிறது என்று கேட்டால் வாயால் தெளிவாகச் சொல்வார்கள். அதையே எழுதச் சொன்னால் நாலு வரி தாண்டாது. வாசிப்பதில் சிக்கல் என்றால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் என்றால் டிஸ்கிராஃபியா, கணக்கில் என்றால் டிஸ்கால்குலியா. ஒன்றோடொன்று கலந்து வருவதும் உண்டு.

தொடக்கப் பள்ளியில் பலர் மனப்பாடத்தை வைத்தே சமாளித்துவிடுகிறார்கள். குட்டு வெளிப்படுவது அதற்குப் பிறகுதான். அதுவரை வாசிக்கக் கற்றவர்கள், இனி வாசித்துத்தான் கற்க வேண்டும். வரலாற்றுப் பாடம் பக்கம் பக்கமாக நீள்கிறது. கணக்கில் எண்களுக்குப் பதில் எழுத்துகள் வருகின்றன. போதாததற்கு மும்மொழிச் சுமை. மும்பையில் ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்கு இந்தியும் மராத்தியும் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் செம்பூர், தாராவிக் குழந்தைக்கு மொழிகள் நான்கு. தேவநாகரியில் 'கி' எழுதும்போது 'இ' ஒலியின் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும். ஒலியோ பின்னால் வரும். தமிழில் 'கெ', 'கே' எழுதும்போதும் இதே கதைதான். மற்றவர்கள் கவனிக்காமலே தாண்டிப் போகும் இந்தப் பள்ளத்தில்தான் இவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரே ஆசிரியை காலை முதல் மாலை வரை பெரும்பாலான பாடங்களை அதே அறையில் நடத்துவதுதான் தனி வகுப்பு. பன்னிரண்டு பேர் இருந்தால் ஒருவர் வாசிப்பது இரண்டாம் வகுப்புத் தரத்தில், இன்னொருவர் ஐந்தாம் வகுப்புத் தரத்தில். எனவே சிறு குழுக்கள், சிறு பாடங்கள். சொல்லை அசை அசையாகப் பிரித்து, கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டுக் கற்கும் முறை. கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு. ஒன்றும் பத்தும் இடம் மாறாமல் இருக்க. அறிவியலை ஆசிரியை வாசித்துக் காட்டுகிறார், பரிசோதனை செய்து பார்க்கிறார்கள், பதிலை வாயால் சொல்கிறார்கள். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக அறிவியலையும் நிறுத்திவிட்டால் ஒரு குறை இரண்டாகிவிடும் அல்லவா?

பாடத்தைவிடப் பெரிய சிக்கல் ரோஷம். பன்னிரண்டு வயதுப் பையனிடம் காக்கை நரிக் கதையை நீட்டினால் புத்தகத்தை மூடிவிடுவான். எழுத்து எளிதாகவும் விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். கிரிக்கெட் செய்தியை எளிய வாக்கியங்களில் எழுதிக் கொடுக்கலாம். முன்கூட்டிப் பயிற்சி தராமல் எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. பல வருடங்களாகச் 'சோம்பேறி' என்று கேட்டுக் கேட்டு அதை நம்பத் தொடங்கியவர்கள் இவர்கள். முரட்டுத்தனமும் வகுப்பில் கோமாளித்தனமும் பெரும்பாலும் அந்த அவமானத்தை மறைக்கும் திரைகள்.

சட்டம் இவர்களைக் கவனிக்க வெகு நாளாயிற்று. 1995ன் ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமில்லை. 1996ல் மகாராஷ்டிர அரசு தேர்வுச் சலுகைகளைக் கொடுத்தது. 2007ல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படம் டிஸ்லெக்சியா என்ற சொல்லை வீடுகளுக்குள் கொண்டுபோனது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 21 குறைபாடுகளின் பட்டியலில் இதையும் சேர்த்தது. நடுநிலைப் பள்ளியிலிருந்து மேல் வகுப்புகள் வரை இத்தகைய 15 மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

பெற்றோர் அலைவது பெரும்பாலும் சான்றிதழுக்காக. அது கையில் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழியிலிருந்து விலக்கு. நியாயமான உதவிகள்தான். ஆனால் சலுகை வேறு, கற்பித்தல் வேறு. எழுதித் தர ஆள் கிடைத்துவிட்டதே என்று எழுதக் கற்றுத்தருவதை நிறுத்தும்போதுதான் ஆபத்து. மகாராஷ்டிரச் சலுகைகளில் ஒன்று, அல்ஜிப்ராவுக்கும் ஜியோமிதிக்கும் பதிலாக ஏழாம் வகுப்புக் கணக்கும் ஒரு தொழிற்பாடமும். பாஸ் ஆகலாம். பொறியியல் கனவு மட்டும் பத்தாம் வகுப்பிலேயே முடிந்துவிடும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. ஐந்து பாடங்கள், ஐந்து வருடங்கள், ஒன்பது வாய்ப்புகள். கணக்கு கட்டாயமில்லை. பலருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அந்தக் குழந்தையால் எது முடியும் என்று பார்க்காமலே அங்கே தள்ளிவிடுவது, சுமையைக் கை கழுவும் வேலை.

தனி வகுப்புக்கும் இதே சோதனைதான். ஓவியம், விளையாட்டு, காலைப் பிரார்த்தனைக்கு மற்றவர்களோடு சேர்கிறார்களா? கணக்கில் தேறியவன் கணக்குப் பாடத்துக்காவது பொது வகுப்புக்குப் போகிறானா? அங்குள்ள ஆசிரியர் அவனை ஏற்கத் தயாரா? இல்லை என்றால் அந்த அறை பள்ளிக்குள் இருக்கும் ஒரு தீவு. 'அந்த வகுப்புப் பசங்க' என்ற பெயரும் நிலைத்துவிடும்.

டிஸ்லெக்சியா முற்றிலும் மறையும் நோயல்ல. முறையாகக் கற்றவர்கள் அதோடு வாழப் பழகுகிறார்கள், மெதுவாகவேனும் வாசிக்கிறார்கள். சிறு வயதிலேயே தொடங்கினால் எளிது. பன்னிரண்டு வயதில் நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் முடியாததல்ல. இப்படி ஒரு வகுப்பில் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். போன வருடம் இங்கிருந்து பொது வகுப்புக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்?